டப்பா கூவினால் பழி பூரணிக்கு

மே 7, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே சைக்கிள் சீட் தோசைக்கல். இன்றைய வேலை: சித்தியின் கருவிக்குப் புது பேட்டரி கொண்டுபோய்க் கொடுப்பது. மீனவர் குப்பம் நாலு கிலோமீட்டர், கல்பாக்கத்திலிருந்து கடப்பாக்கம் போகும் பக்கம். பேட்டரியைக் கேரியரில் கட்டியது அப்பா. வழியில் விழுந்தது நான். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சித்தி (இனி சி.) அம்மாவின் தங்கை. பெயர் வசுமதி. பூமாதேவியின் பெயரை வைத்துக்கொண்டு பூமியையே வேவு பார்க்கிறாள். நிலநடுக்கத்தில் டாக்டர் பட்டம் வாங்கி முடித்து, அதற்கு மேலும் ஆராய்ச்சி. போஸ்ட் டாக். ஆறு மாதமாக எங்கள் முன்னறையில் வாசம். எதிர்க் குவார்ட்டர்ஸ் மாமி நேற்று அம்மாவிடம்: "போஸ்ட் டாக்டர்னா போஸ்ட் ஆபீஸ்ல ஊசி போடுவாங்களா?" நான் முந்திக்கொண்டு: "ஆமா மாமி, ஸ்டாம்ப்பை நக்கி வயித்துவலி வந்தா மட்டும்." தலையில் ஒரு குட்டு. அம்மா கை.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் சி. சாப்பாட்டுத் தட்டிலேயே காட்டுவாள். தூரத்தில் கடலுக்கு அடியில் பூமி பெரிதாக ஆடினால், அந்த ஆட்டம் தரை வழியாகச் சில நிமிடத்தில் நம் கரைக்கு வந்துவிடும். அலை வர மணிக்கணக்காகும். (சாம்பார் = கடல். அப்பளம் = நாம்.) நடுவில் கிடைக்கும் நேரம் ஓடுவதற்கு. ஆகவே ஒவ்வொரு குப்பத்துக்கும் விலை குறைந்த ஒரு கருவி; ஆட்டம் பெரியது என்றால் அதுவே கூவ வேண்டும். எங்கிருந்தோ யாரோ போன் போடும்வரை காத்திருக்கக் கூடாது. மேலே இருப்பவர்கள் சொல்வது: கடற்கரையில் வைத்தால் கண்டதற்கெல்லாம் கூவும்.

22ஆம் தேதி இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள். தலையாட்டினால் இன்னொரு வருடம். இல்லையென்றால் கருவியும் போகும், சி.யும் போவாள். முன்னறை உனக்குத்தான் என்கிறாள் அம்மா. வேண்டாம்.

கருவி பிரஷர் குக்கர் அளவு. புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கீழ் அறையில், சிமெண்டு மேடை மேல். அதற்கு டப்பா என்று பெயர் வைத்தது மல்லிகா (இனி ம.). என் வகுப்பு, குப்பத்துப் பெண்.

பேட்டரி மாட்டியாயிற்று. அறையில் நாங்கள் இருவர் மட்டும். டப்பாவைப் பார்த்தேன். டப்பா என்னைப் பார்த்தது.

"இன்னா பூரி, குதிக்கலாமா?"

கேட்டது ம.தான். பூரணியைப் பூரி ஆக்கியதும் அவள்தான். பதிவில் இருக்கட்டும்.

மணி 11.22. பத்துக் குதி. நிலம் நடுங்கினால் நிலநடுக்கம், நான் நடுங்கினால் கணக்கு டீச்சர். இன்று முறை மாறி நிலம் எனக்கு நடுங்கியது.

சாப்பிடும்போது சி. மடிக்கணினியைத் திறந்தாள். "பதினொண்ணு இருபத்திரண்டுக்கு ரெண்டு குரங்கு குதிச்சிருக்கு. ஒண்ணு நாப்பது கிலோ. இன்னொண்ணு அம்பத்தஞ்சு."

"அய்யோ, நான் நாப்பத்தெட்டுதான்!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா சிரிப்பை மோரோடு சேர்த்து விழுங்கினார். கருவிக்கு எடையெல்லாம் தெரியாதாம். சும்மா போட்ட தூண்டில்.

மே 9, புதன்

கசகசப்பு. மேகம் உண்டு, மழை இல்லை. மாங்காய் இரண்டு, உப்பு நிறைய.

சி.யின் வேலை முறை: டப்பாவோடு ஒலிபெருக்கி இன்னும் இணைக்கவில்லை. அது 'கூவ வேண்டும்' என்று நினைக்கும் நேரத்தைக் கணினி குறித்து வைக்கும். சி. காலையில் ஆய்வுக்கூடம், மதியப் பஸ்ஸில் குப்பம், பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு. ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே காரணம் எழுதுவாள். லாரி என்றால் 'லா'. இடி என்றால் 'இ'. இப்போது புதிதாக ஒன்று: 'பூ'.

எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பூ. பூக்கடை.

"நான் ஒரு நாள்தான் குதிச்சேன் சித்தி."

"பாரு. ஏப்ரல் பாதி வரைக்கும் சுத்தமா இருக்கு. அப்புறம் தினம் ஒண்ணு, ரெண்டு. உனக்கு என்னிக்கு லீவு விட்டாங்க?"

ஏப்ரல் பாதியில்.

"டப்பா அறைச் சாவியைக் குடு."

கொடுத்தேன். கோபம். ஆனால் எதிர்த்துப் பேச முகம் இல்லை. பொங்கல் லீவில் ஆலம்பரைக் கோட்டையில் சினிமா ஷூட்டிங் என்று குப்பத்தில் சொல்லி வைத்தேன். நாற்பது ஆண்கள் தலை சீவி, இஸ்திரி சட்டையில் பஸ் பிடித்துப் போனார்கள். கோட்டையில் ஓர் ஆடு மட்டும் இருந்ததாம். ம.வின் அப்பா ஏழுமலை அன்றிலிருந்து சொல்வது: "இந்தப் பொண்ணு பகல்னு சொல்லிச்சுன்னா, டார்ச் எடுத்துக்கினு வெளிய போவணும்."

மே 11, வெள்ளி

செங்கல்பட்டு. கடைவாய்ப் பல் பிடுங்கல். ஏழரை பஸ். டாக்டரின் அறையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர், ஒன்பதும் கன்னத்தில் கை. அம்மா பக்கத்தில் புடலங்காய் வாங்கியது பற்றி யாரிடமோ பேச்சு. ஊசி. மரப்பு. உதடு எங்கே என்று தேடினேன். பத்தரைக்குப் பல் கிண்ணத்தில் 'டிங்'.

டாக்டர்: "பேசக் கூடாது, ரெண்டு மணி நேரம்."

அம்மா: "ரெண்டு நாள் ஆக்குங்க டாக்டர்."

திரும்பி வரும்போது ஐஸ்கிரீம். அது மட்டும் நியாயம்.

மாலை சி. வந்ததும் வராததுமாக: "காலைல ஒம்போது நாப்பதுக்குக் கதவுக்கு வெளிய குதிச்சது யாரு?"

வாயில் பஞ்சு. கையால் பல்லைக் காட்டினேன். சி. பார்க்கவில்லை. ஏற்கெனவே எழுதிவிட்டாள். பூ.

வாழ்க்கையில் முதல் முறையாக நிரபராதி. இது இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது. (பல்லும் சேர்த்து.)

மே 13, ஞாயிறு

சி. அறிக்கை தட்டிக்கொண்டிருந்தாள். தோள் வழியாகப் படித்தேன். 'வீட்டுச் சிறுமி ஒருத்தியின் தலையீட்டால் ஏற்பட்ட தவறான எச்சரிக்கைகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.' சிறுமியாம்! ஒருத்தியாம்!

அதைவிட இன்னொன்று உறைத்தது. பூ எல்லாவற்றையும் நான்தான் என்று கழித்துவிட்டால், நிஜக் காரணம் அங்கேயே இருக்கும். 22ஆம் தேதி அந்த இரண்டு பேர் வந்து நிற்கும்போது டப்பா கூவும். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். சி. யாரைக் காட்டுவாள்?

சொன்னேன்.

"தப்பிக்கறதுக்கு நல்ல வழி" என்றாள், தலை தூக்காமல்.

மே 15, செவ்வாய்

புழுக்கம். மின்வெட்டு, அரை மணி. பல் இருந்த இடத்தில் நாக்கு ஓயாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

வேறு வழி இல்லை. இந்த நோட்டை சி.யிடம் கொடுத்தேன். இந்த வருடம் முழுக்க என்னை எழுதிய நோட்டு. நேரம் போட்டு எழுதும் பழக்கம் இதற்கு உதவும் என்று நினைக்கவில்லை.

சி. ஒரு கையில் தன் பட்டியல், ஒரு கையில் என் நோட்டு. நான் விசிறியோடு நின்றேன், குற்றவாளிக் கூண்டுக்குக் காற்று வராது என்பதால்.

"மார்ச் மூணு. 'ஆட்டக்காரி குளித்துவிட்டுப் பாட்டு, ஏழு தெருவுக்கும் கேட்டது.' யாரு ஆட்டக்காரி?"

"நீதான் சித்தி. ஆட்டத்தை அளக்கிறவள்ங்கிற அர்த்தத்துல."

"ம்." பக்கம் புரண்டது. "'ஆ.காரி வைத்த ரசத்தில் ரிக்டர் ஏழு.'"

"அது பாராட்டு."

வெள்ளிக்கிழமைக்கு வந்தாள். செங்கல்பட்டு. ஒன்பது பேர். பத்தரைக்கு டிங். பட்டியலில் அன்று 9.40. மெதுவாக மேலே போனாள். மாமாவின் கல்யாணத்துக்கு நாங்கள் ஊரப்பாக்கம் போன நாள்: இரண்டு பூ. எனக்குக் காய்ச்சல் வந்த நாள்: ஒரு பூ. அம்மா என்னை அறையில் வைத்துப் பூட்டிய நாள் (காரணம் வேண்டாம்): ஒரு பூ.

சி. பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தாள். ஒரே ஒரு பூதான் மிச்சம். ஏழாம் தேதி 11.22.

"மன்னிச்சுக்கோ" என்றாள். பெரியவர்கள் அதைச் சொல்லும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. விசிறியைப் பார்த்தேன்.

பிறகு அவள் முகம் மாறியது. "அப்போ இதெல்லாம் என்ன? ஏழு நாள்தான் இருக்கு பூரணி."

பட்டியலை இருவரும் பார்த்தோம். சில நாள் காலை ஆறு, சில நாள் ஒன்பது, சில நாள் மாலை. ஒழுங்கே இல்லை. நேற்றும் முந்தா நாளும் மட்டும் காலி. ஒன்றும் இல்லை.

ம. வீட்டில் போன் கிடையாது. பக்கத்துக் கடைக்குப் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஞாயிறு, திங்கள் உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணியும் நடக்கல."

"யோசி."

"அதான் சொல்றேன், ஒண்ணியும் நடக்கல. பின்னாடித் தெருல ஒரு பெருசு செத்துட்டாரு. சாவு வுழுந்தா ஊரே கடலுக்குப் போவாது. ரெண்டு நாளா வலை இல்ல, மீன் இல்ல, வெறும் ரசம். ஏன் பூரி?"

போனைக் கையில் பிடித்தபடி சி.யைப் பார்த்தேன். அவளும் கேட்டுவிட்டாள்.

மே 16, புதன்

ஐந்தரைக்கு எழுந்தேன். (இந்த வரியை அம்மா படித்தால் நம்ப மாட்டாள்.) நானும் சி.யும் முதல் பஸ்.

சவுக்குத் தோப்பு மறைப்பதால் கட்டடத்திலிருந்து கரை தெரியாது. தோப்பைத் தாண்டினால் கரைவலை. ஒரு படகு வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. வலையின் இரண்டு முனையிலும் கயிறு, கயிற்றுக்கு இருபது பேர். குதிகாலை மணலில் குத்தி, பின்னால் சாய்ந்து, ஒரே நேரத்தில் ஒரே அடி. ஏழுமலை குரல் கொடுக்க, நாற்பது கால் 'தொம்'. மறுபடி 'தொம்'. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் பாதியிலிருந்து தடைக்காலம். கரைவலைக்குத் தடை இல்லை. சந்தையில் மீன் குறைவு, கிராக்கி அதிகம், அதனால் தினமும் வலை. எனக்கு லீவு விட்டதும் அவர்கள் தினமும் வலை இழுக்க ஆரம்பித்ததும் ஒரே வாரம். அவர்கள் செய்ததும் என் தலையில்.

சி. மணலில் உள்ளங்கை வைத்துப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.

ஏழுமலை: "டாக்டரம்மா, இன்னா பண்றீங்க? கை தோல் உரிஞ்சிடும்."

"நீங்க இழுக்கறதுதாங்க என் கருவியைப் பேஜார் பண்ணுது."

விஷயத்தைச் சொன்னாள். ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டேய், நாம இழுக்கறது பூமி ஆடுற மாரி கீதாம்டா!" நாற்பது பேருக்கும் பெருமை. ஒருவர் என்னிடம்: "பாத்தியா பாப்பா, எங்க காலு இன்னா காலுன்னு."

பிறகு ஏழுமலை, தாராளமாக: "இருவத்தி ரெண்டாந்தேதி தான? அன்னிக்கு வலை போடல. வுடுங்க. ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது."

சி. தலையாட்டினாள். நான் இரண்டு தடவை தலையாட்டினேன். பிரச்சனை தீர்ந்தது, நாஸ்தாவுக்குப் போகலாம்.

ஏழுமலை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே: "அப்பால அந்த ஹாரனு எங்க ஊரு மேலதான மாட்டுவீங்க? ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அது ஒரு தபா சும்மா கூவினா ஓடுவோம். வலைய வுட்டு, மீன வுட்டு ஓடுவோம். ரெண்டாந்தபா சும்மா கூவினா எவனும் ஓட மாட்டான்."

சி. அலையைப் பார்த்தாள். பிறகு: "இருபத்திரண்டாம் தேதி வலை போடுங்க. இருக்கறதுலயே பெரிய வலையாப் போடுங்க."

"சித்தி!" என்றேன்.

"நீ சும்மா இரு."

ம. தோப்பு ஓரத்தில் நின்றாள். ஈர மணலுக்கு வர மாட்டாள். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், அந்த டிசம்பர் வரைக்கும். அவள் அதைப் பேசுவதில்லை, நான் கேட்பதில்லை. எனக்கு ஜோக் வராத ஒரே இடம்.

மே 19, சனி

சி. சாப்பிடவில்லை. சாப்பிட்டதாகச் சொன்னாள். தட்டு உலர்ந்து கிடந்தது.

கேட்டுத் தெரிந்துகொண்டது, மறக்காமல் இருக்க:

கால் மிதிக்கிற ஆட்டம் வேகமானது. டக், டக். தூரத்துப் பெரிய நடுக்கம் ஊஞ்சல் மாதிரி, மெதுவாக, விடாமல்.

டப்பா இதுவரை எது திடீரென ஏறினாலும் கூவியது. இனி வேகமானதைக் கண்டுகொள்ளாமல் ஊஞ்சலை மட்டும் பார்க்க வேண்டும்.

ஆனால் ஊஞ்சல்தானா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், ஓடும் நேரம் அதிலேயே போய்விடும். அவசரப்பட்டால் ஏமாறும். நிதானித்தால் தாமதம். சி. நகத்தைக் கடிப்பது இதற்காக.

என் பங்களிப்பு: பஜ்ஜி. வாழைக்காய். எண்ணெய் தெறித்துக் கையில் இரண்டு பொட்டு. சி. பார்க்காமலே ஆறு சாப்பிட்டாள்.

அப்பா என்னிடம் மெதுவாக: "ஓடிரும்ல?"

"எது, கருவியா, சித்தியா?"

முறைப்பு.

மே 21, திங்கள்

நாளை. நேற்றும் இன்றும் வலை இழுத்தபோது டப்பா வாய் திறக்கவில்லை. சி. சிரிக்கவும் இல்லை. "பேசாம இருக்கறது பெரிசில்ல. பேச வேண்டிய நேரத்துல பேசணும்."

நாளைய திட்டம்: வலை இழுக்கும் நேரத்திலேயே, முன்பு எங்கோ பதிவான ஒரு நிஜ நடுக்கத்தின் பதிவைக் கணினியில் கலந்து விடுவார்கள். எந்த நிமிடம் என்பது வருகிறவர்களுக்கு மட்டும் தெரியும். டப்பா கண்டுபிடித்தால் கூரையில் இன்று மாட்டிய ஒலிபெருக்கி கூவும்.

எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். எனக்கு! "குப்பத்துல ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லு. நாளைக்குக் கூவினா அது சோதனை. யாரும் ஓட வேண்டாம்."

மாலை முழுக்க நடந்தேன். ஒரு வீடு விடவில்லை. ஜோக் அடிக்கவில்லை, முகத்தைக் கூட நேராக வைத்துக்கொண்டேன். எல்லோரும் "சரி பாப்பா", "சரி பாப்பா". ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு: "கூவினா ஓடக் கூடாது. அப்படித்தான?"

"அப்படித்தான் மாமா."

"செரி."

கடமை முடிந்தது. காலில் முள்.

மே 22, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை. லேசான காற்று. வந்தவர்கள் இருவர். ஒருவர் பெரிய கண்ணாடி. இன்னொருவர் கேள்விக்காரர், வாயைத் திறந்தால் "ஏன்?" சி. புது காட்டன் புடவையில், கொசுவம் கோணல். நேரம் பார்த்துச் சரி செய்யக் கண் காட்டினேன், புரியவில்லை.

8.50. வலை இழுப்பு ஆரம்பம். திரையில் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தடித்தது. டப்பா மௌனம்.

கேள்விக்காரர்: "ஏன் கூவல?"

சி.: "அது நாப்பது பேர் கால் சார். அலை இல்ல."

9.10. பெரிய கண்ணாடி போய்க் கணினியில் ஏதோ தட்டினார். கோடு முதலில் அப்படியேதான் இருந்தது. தொம், தொம், தொம். அந்தத் தொம்முக்கு அடியில் ஏதோ மெதுவாக எழுந்து இறங்கியது. எனக்குக் கண்ணில் தெரியவில்லை, சி.க்குத் தெரிந்தது, உதட்டைக் கடித்தாள். இன்னும் கூவவில்லை. இன்னும். கேள்விக்காரர் வாயைத் திறக்கப் போனார்.

கூவியது.

நான் கத்தினேன். சி. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய கண்ணாடி சிரித்தார். அந்த ஒரு நொடி அவ்வளவு நன்றாக இருந்தது.

பிறகு கோடு. திரையில் தொம் இல்லை. வெறும் ஊஞ்சல்.

வெளியே ஓடிப் பார்த்தேன். தோப்பிலிருந்து ஜனம். கயிற்றைப் போட்டுவிட்டு நாற்பது பேரும். பெண்கள், இடுப்பில் பிள்ளை. ஒருவர் தோளில் யார் வீட்டுக் கிழவரோ. ஏழுமலை இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். கட்டடத்தின் படியெல்லாம் கால். மேல் மாடி நிறைந்தது.

"ஓடாதீங்க! சோதனை! சோதனைதான்!" என் தொண்டை கிழிந்தது. என் குரல் கேட்டதும் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

சி. ஒலிபெருக்கியை நிறுத்தி, மாடியேறிப் போய்க் கும்பிட்டுச் சொன்னாள். அப்புறம்தான் நின்றார்கள். மாடியிலிருந்து பார்த்தேன்: தோப்புக்கு அப்பால் கடலில் வலை தானாக மிதந்து போய்க்கொண்டிருந்தது, மீனோடு.

கேள்விக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு நிமிஷம், கடைசி ஆள் வரைக்கும்" என்றார் மெதுவாக. முதல் முறையாக 'ஏன்' வரவில்லை. பிறகு வந்தது. "இவங்களுக்கு முன்னாடியே சொல்லலையா? ஏன்?"

சி. என்னைப் பார்த்தாள். ஊரே என்னைப் பார்த்தது.

"எல்லா வீட்டுக்கும் சொன்னேன்! மாமா, உங்ககிட்டயும் சொன்னேன்ல?"

ஏழுமலைக்கு மூச்சு வாங்கியது. "சொன்ன. 'ஓடாதீங்க'ன்ன. நீ வந்து அப்பிடிச் சொல்றப்பவே எனுக்குத் தெரிஞ்சிபோச்சு, இன்னிக்கு ஓடியே ஆவணும்னு."

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவர் சி.யிடம் சொன்னார்: "ஒரு தபா ஆச்சு, டாக்டரம்மா."

ம. மாடியில் இல்லை. சைக்கிளை எடுத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, உப்பளக் கரையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு இல்லை. காலில் ரத்தம்.

"உனக்குத் தெரியும்ல, சோதனைன்னு? உன்கிட்ட பொய் சொல்வேனா?"

"நீ சொன்னது காதுல கீது பூரி. காலு கேக்கல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். உப்பு வெயிலில் கண் கூசியது. அவள் என் துப்பட்டாவில் முகம் துடைத்தாள். புது துப்பட்டா. பரவாயில்லை.

மே 26, சனி

சி.க்குப் போன். கருவிக்கு முழு மதிப்பெண். கடலுக்கு அடியில் வைக்கும் அழுத்தமானி கூடத் தருவார்களாம், அலை கிளம்பியதா என்று நேராகப் பார்க்க. இன்னொரு வருடமும் உண்டு. ஒரு நிபந்தனை: ஒலிபெருக்கி வேண்டும் என்று குப்பம் சம்மதித்து எழுதித் தர வேண்டும்.

அப்பா கேசரி கிண்டச் சொன்னார். சி. "இப்போ வேண்டாம் அத்தான்" என்றாள்.

குப்பத்தில் பேச்சு இரண்டு விதமாம். ம. சொன்னது. பாதிப் பேர், இருக்கட்டும். பாதிப் பேர், கழற்று. அது கூவினதில் நாலு நாளாகப் பிள்ளைகள் தூங்கவில்லை, மீனும் போச்சு. நாளைக்கு ஊர்க்கூட்டம்.

சி. காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைத்திருக்கிறாள். அதைப் பார்க்காத மாதிரி நடந்துபோனேன்.

மே 27, ஞாயிறு

ஊர்க்கூட்டம், அம்மன் கோயில் வாசல். மண்ணில் எல்லோரும். எனக்கும் சி.க்கும் ஒரு பெஞ்சு. உட்காரவில்லை.

நான் எழுந்து பேசினேன். ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்தது. "ஷூட்டிங் சொன்னது பொய். திங்கட்கிழமை சொன்னது நிஜம். நீங்க ஓடினதுக்கு டப்பா காரணமில்ல, நான்தான். அதைக் கழட்டாதீங்க. என்னை வேணா ஊருக்குள்ள விடாதீங்க." குரல் நடுவில் உடைந்தது. கேவலம்.

ஒரு பெரியவர்: "இது நெசமா அழுவுதா, நடிக்குதா?"

ஏழுமலை: "எனுக்கும் அதான் டவுட்டு."

அப்போது ம. எழுந்தாள். ஊர்க்கூட்டத்தில் பெண் பிள்ளைகள் பேசுவது வழக்கமில்லை. பேசினாள்.

"அன்னிக்கு ஏழு நிமிஷத்துல எல்லாரும் மேல வந்துட்டோம். ஒருத்தர் வுடாம. எங்கண்ணன் போனப்ப எங்களுக்கு ஒரு நிமிஷம் கூட யாரும் குடுக்கல. ஹாரன் இருக்கட்டும். சோதனைன்னா நான் மைக்குல சொல்றேன். நான் சொன்னா நம்புவீங்க இல்ல?"

அந்த டிசம்பருக்குப் பிறகு 'அண்ணன்' என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அவள் அப்பாவே முதல் முறை கேட்கிறார் என்று நினைக்கிறேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம் பொண்ணு சொன்னா நிப்பேன்" என்றார்.

தீர்ப்பு. ஒலிபெருக்கி இருக்கும். மாதம் ஒரு சோதனை, ம. குரலில் மட்டும். தப்பிப் போன மீனுக்கு அபராதம்: பூரணி ஒரு நாள் கயிறு இழுக்க வேண்டும்.

சி. உடனே: "நானும்."

ஏழுமலை: "வேணாம் டாக்டரம்மா. குத்தம் அதும்மேலதான். அது மட்டும் வரட்டும்."

அட்டைப்பெட்டியை அம்மா பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாள்.

மே 30, புதன்

அபராத நாள். மேகம். ஆறு மணிக்கே கயிற்றில். எனக்கு முன்னால் ஏழுமலை, பின்னால் பதினெட்டுப் பேர். பத்து நிமிடத்தில் உள்ளங்கை எரிச்சல், இருபதில் கொப்புளம். கால் எடுப்பது எப்போதும் தப்பு. "தொம்முனு வை பாப்பா, தொம்முனு. நீ டான்ஸு ஆடிக்கினு கீற." வலை கனம். மீன் இருக்கிறது என்றார்கள்.

நடுவில் மேலே கரகரப்பு. பிறகு ம. குரல், கொஞ்சம் நடுக்கம்: "மல்லிகா பேசறேன். இப்ப ஹாரன் அடிக்கப் போறாங்க. இது சோதனை. யாரும் ஓட வேணாம்."

கூவியது. தோப்பைத் தாண்டி, தலைக்கு மேல், வயிற்றுக்குள்.

நாற்பது கால், தொம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மட்டும் கயிற்றை விட்டுவிட்டுத் தோப்பை நோக்கிப் பத்தடி ஓடியிருந்தேன்.

கரையே சிரித்தது. ஏழுமலை திரும்பிப் பார்த்தார். "ஏய், இன்னா, நீயே ஓடுற! வந்து புடி கயித்த."

போய்ப் பிடித்தேன்.